மெர்வின் முதுகுப் பட்டை

தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் ஊசி ஊசியாக இறங்குகிறது. ஆட்டின் முழங்கால் மூட்டில் முஷ்டியை வைத்து அமுக்குகிறேன். மடங்கிய கால் தானாக நீள, கத்தரி ரோமத்தினூடே வழுக்கிக்கொண்டு போகிறது. என்னோடு ரோமம் கத்தரிக்கும் மெர்வ் கம்பளிப் பொதியில் சாய்ந்து கிடக்கிறார். குனியும்போது முதுகைத் தாங்கும் அவருடைய ஸ்பிரிங் பட்டையை நேற்று விளையாட்டுக்கு ஒளித்தேன். கத்தரித்த ஆட்டுக் கணக்கில் அவரை முந்தியதும் திருப்பித் தர மனம் வரவில்லை. பட்டை இல்லாமலே சாயங்காலம்வரை குனிந்து நின்றார். இன்று இடுப்பு அசையவில்லை.

"வயசாயிருச்சுடா டார்சி. இந்த ஷூ கயிறக் கொஞ்சம் கட்டிவிடு."

ஆட்டை விட்டுவிட்டு மண்டியிடுகிறேன்.

"நீ நல்லவன்டா," என்கிறார்.

நிமிராமலே முடிச்சை இறுக்குகிறேன்.