பிழையில்லாத செய்தி

செண்பகம் காலை ஆறு மணிக்கு இறந்துபோனாள். கணவர் கோதண்டபாணி அதைக் குடும்பக் குழுவில் எழுதினார். ஒரு பிழைகூட இல்லாததால், இயந்திரம் எழுதியது என்று செயலியில் அந்த வாரம் வந்த புது விதி அதை நிறுத்திவைத்தது. புனேயில் இருக்கும் மகள் இசைவாணிக்கு ஃபோன் போட்டும் பயனில்லை. போலிக் குரல்கள் பெருகிய பிறகு யாரும் அழைப்பை எடுப்பதில்லை.

பத்திரிகையில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தவர் அவர். ஒற்றுப்பிழைக்காக அந்தக் குழுவில் அவர் சண்டை போடாத சொந்தம் கிடையாது. மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தியைக்கூடத் திருத்திவிட்டுத்தான் வாழ்த்தினார்.

"நாலு எழுத்தைத் தப்பாப் போட்டு அனுப்புங்க சார், போயிடும்," என்றார் பக்கத்து வீட்டு சாதிக்.

கோதண்டபாணி மனைவியின் கால்மாட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகக் கெடுத்தார். அவள் பெயரை மட்டும் கெடுக்கவில்லை. செய்தி போனது.

அரை மணி நேரம் கழித்து இசைவாணி குழுவில் எழுதினாள்.

"யாரும் நம்பாதீங்க. எவனோ அப்பா பேர்ல விளையாடுறான். எங்கப்பா செத்தாலும் இவ்ளோ தப்பா எழுத மாட்டார்."