பைக்குள் போகாத பந்து

“உன் பந்து எங்கே வளையுதுன்னு ஊருக்கே தண்டோரா போடணுமா ஜோலின்? வாயை மூடிட்டு ஆடவே தெரியாதா உனக்கு?”

வெர்ன் பல்லைக் கடித்தபடி சொன்னான். பக்கத்து லேனில் எதிரணிக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? லேனின் ரகசியத்தை எல்லாம் அவள்தான் இலவசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாளே!

ஷெபாய்கன் ஊரில் செவ்வாய்க்கிழமைதோறும் பௌலிங் லீக். நீண்ட மர லேனில் பந்தை உருட்டி, கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கிற ஆட்டம். நாலு பேர் கொண்ட அணிக்கு வெர்ன் கேப்டன். ஜோலின் மூன்றாவதாக உருட்டுவாள். அவளுக்குப் பின்னால் கடைசியாக, வெர்னின் அண்ணன் ஆர்வில்.

குறுகிய பலகைகளை அடுக்கிச் செய்த அந்த லேனில் எண்ணெய் பூசியிருப்பார்கள். அது எங்கே கனமாக இருக்கிறது, எங்கே காய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க எல்லாரும் முதலில் ஒரு சாதுவான பந்தை உருட்டிப் பார்ப்பார்கள். அதற்கு பெஞ்ச்மார்க் என்று பெயர். அது அளவாக வளையும், முரண்டு பிடிக்காது, உள்ளதை உள்ளபடி காட்டிக் கொடுத்துவிடும். பார்த்து முடித்ததும் அதைப் பைக்குள் போட்டுவிட்டு, அவரவர் கைக்குத் தோதான பந்தை எடுத்து ஆட வேண்டியதுதான்.

ஜோலின் மட்டும் எடுப்பதில்லை. மூன்று ஆட்டமும் அந்தச் சாதுப் பந்துதான். அதுவும் ஆர்வில் உருட்டுகிற அதே ரகம், அதே கறுப்பு. ஆர்விலின் கைக்கு அது அல்வா மாதிரி. இவள் கைக்கு ஒட்டவே இல்லை.

இரண்டாவது ஆட்டத்தின் கடைசிச் சுற்றிலும் அதையே உருட்டினாள். நாலு கட்டை மிச்சம். ஆனாலும் கத்தினாள்:

“முன்னாடியே திரும்புது! போன தடவைக்கு ரெண்டு பலகை வித்தியாசம். எண்ணெய் காயுது!”

ஆர்வில் எழுந்தார். இரண்டு பலகை இடது பக்கம் தள்ளி நின்று உருட்டினார். தடதடவென்று சத்தம்.

“பத்தும் காலி!” என்றாள் ஜோலின்.

“அதான் எல்லாருக்கும் தெரியுதே!” வெர்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்க அண்ணனைப் பாரு. ஒரு பேச்சு உண்டா? உட்கார்ந்த இடத்துலயே லேனைப் படிச்சுடறாரு. அவர் பந்து மாதிரியே ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா அவர் ஆட்டம் உனக்கு வந்துடுமா?”

அவள் பந்தைத் துணியால் துடைத்தாள். வெர்ன் விடவில்லை.

“புதுசா ஒரு பந்து வாங்கினியே, அது எங்கே?”

“பையில இருக்கு.”

“பையில வச்சு அடை காக்கறியா? நூத்தி எழுபது இருந்த உன் சராசரி இப்ப நூத்தி ஐம்பதுக்கு வந்தாச்சு. மாநிலப் போட்டிக்கு இன்னிக்கு நாலு பேர் பேரைக் கொடுக்கணும். என்னை என்ன பண்ணச் சொல்றே?”

ஜோலினின் முகம் வாடியது. ஒன்பது வருஷமாக அந்தப் போட்டிக்குப் போக வேண்டும் என்று காத்திருப்பவள் அவள்.

“எனக்கும் போகணும்னு ஆசைதான் வெர்ன். ஆனா இந்தப் பந்தை என்னால மாத்த முடியாது.”

“ஏன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டே. மத்ததுக்கெல்லாம் திறப்பே!”

பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு, மாற்று ஆட்டக்காரன் டுவேனின் பெயரை எழுதினான்.

“மூணாவது ஆட்டத்துக்கு டுவேன் இறங்கட்டும். நீ உட்காரு. உனக்குக் கோடிப் புண்ணியம், பேசாம உட்காரு.”

அவள் பந்தைத் தூக்கிக்கொண்டு டுவேனிடம் போனாள். “இதையே உருட்டறியா? எங்கே திரும்புதுன்னு சத்தமா மட்டும் சொல்லிடு.”

“நல்லாயிருக்கே! உன் பந்தோட விரல் ஓட்டைக்குள்ள என் சுண்டு விரல்கூடப் போகாதும்மா” என்று சிரித்தான் டுவேன்.

மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. டுவேன் தன் பந்தை உருட்டினான், வந்தான், உட்கார்ந்தான். ஜோலின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெர்னுக்குக் காது குளிர்ந்தது.

ஆர்வில் உருட்டினார். சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பந்து திரும்பி வந்தது. அவர் அதன்மேல் கையை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

எதிரணியில் யாரோ கனைத்தார்கள்.

“என்ன அண்ணே? போ, மிச்சத்தையும் அடிச்சு முடி” என்றான் வெர்ன்.

“எத்தனை கட்டை நிக்குது?”

“என்ன விளையாட்டு இது? நேரா பாரேன்!”

“ஜோலின், எத்தனை நிக்குது?”

ஜோலின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

வெர்ன் எழுந்து அண்ணனின் பக்கத்தில் போனான். தலைக்கு மேலே பெரிய திரையில் இரண்டு கட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. ஆர்விலின் பார்வை பக்கத்து லேனில் எங்கேயோ இருந்தது. வாராவாரம் கூடவே உட்கார்ந்து ஆடுகிற அண்ணனின் கண்களை வெர்ன் அப்போதுதான் உற்றுப் பார்த்தான்.

“அவளைக் கேக்காதே, சொல்ல மாட்டா” என்றார் ஆர்வில் மெதுவாக. “தெரிஞ்சா பாவம்னு சொல்லி என்னை ஓரமா உட்கார வச்சுடுவீங்க. அதான் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன்.”

“அண்ணே...”

“பேரை அடிக்கணும்னா என் பேரை அடிடா வெர்ன். பதினாலு மாசமா, பந்தை விடற இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியல. அவ உருட்டிப் பார்த்துச் சொல்ற இடத்துலதான் நான் நிக்கறேன்.”