லேடீஸ் பேட்ச்

"யாருக்கும்மா?"

வரதராஜன் கேட்டது சாதாரணக் கேள்விதான். திருத்தணி பஜாரில் அவருடைய விளையாட்டுச் சாமான் கடைக்கு வந்து நீச்சல் டிரஸ் கேட்கிற பெண்கள், பெற்ற பிள்ளைகளுக்குத்தான் கேட்பார்கள்.

"எனக்குத்தாண்ணா" என்றாள் மோகனப்ரியா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அகலமான தோள். கொஞ்சம் கனத்த குரல். திருநங்கை என்று புரிந்துகொண்டார். இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார்.

மோகனப்ரியா பிரித்துப் பார்த்தாள். ஒன்றில் தொடைப் பக்கம் இடுப்பு வரைக்கும் வெட்டியிருந்தது. இன்னொன்று மெல்லிசுத் துணி. நனைந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். எதை மறைக்க அவள் தினமும் பார்த்துப் பார்த்து உடுத்துகிறாளோ, அதை ஊருக்கே தண்டோரா போட்டுவிடும்.

"வேற மாடல் இல்லியாண்ணா?"

"இதான்மா வருது. பேசாம ஜென்ட்ஸ் டிராயர் ஒண்ணு வாங்கிக்கினு, மேல டி-ஷர்ட் மாட்டிக்கோயேன். யாரு கேக்கப் போறாங்க?"

"நான் கேப்பேனேண்ணா" என்று சிரித்தாள். "அதப் போட்டுக்கினு எறங்கறதுக்கு நான் கரையிலயே நின்னுடுவேன்."

நின்றுதான் போயிருந்தாள். பள்ளிப்பட்டில் பம்ப்செட் ரூம் மேலேறிக் கிணற்றுக்குள் குதித்து வளர்ந்தவள். பதினைந்து வயதில், பையன்களுக்கு நடுவே சட்டையைக் கழற்ற உடம்பு கூசியது. அன்றைக்குக் கரையேறியவள்தான். பதினோரு வருஷம் ஆகிறது.

இப்போது கே.ஜி.கண்டிகை போகிற வழியில் ஒரு நீச்சல் குளம் திறந்திருந்தார்கள். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் பெண்களுக்கு மட்டும். மேனேஜர் நாகேந்திரன் அவளைச் சேர்த்துக்கொண்டார், ஆனால் அரை மனசாக.

"நீச்சல் டிரஸ் கட்டாயம். அப்புறம், லேடீஸ்ல யாராச்சும் ஒருத்தங்க கம்ப்ளெய்ன்ட் பண்ணாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. இப்பவே சொல்லிட்டேன்."

கடையை விட்டு வெளியே வந்த மோகனப்ரியா மறுநாளே சென்னைக்கு ரயிலேறினாள். கனமான லைக்ரா துணி வாங்கி வந்தாள். ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவளுக்குத் தனக்கு ஒன்று தைக்கத் தெரியாதா?

தெரியவில்லை. முதலில் தைத்தது மார்பில் தொளதொளத்தது. இரண்டாவது கால்களைக் கட்டிப்போட்டது. இரண்டையும் பிரித்துப் போட்டுவிட்டு மூன்றாவதாக வெட்டினாள். உள்ளே இரட்டைத் துணியில் தொடை நீளத்துக்கு இறுக்கமான டிராயர். அதன்மேல் கொசுவம் வைத்த குட்டைப் பாவாடை. மார்புக்கு மெத்தென்று கப். தோள் அகலம் தெரியாதபடி கழுத்தை மாற்றி இறக்கினாள். மயில் கழுத்து நிறம்.

கண்ணாடி முன்னால் நின்றாள். திரும்பினாள், குனிந்தாள், குதித்துக்கூடப் பார்த்தாள். எதுவும் விலகவில்லை.

"ஆங்... இதான்டி நீ" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை. குளத்தின் ஒரு மூலையில் எட்டுப் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் கூட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். மோகனப்ரியா துண்டை எடுத்து நாற்காலியில் போட்டாள்.

எட்டுத் தலையும் திரும்பியது.

எல்லாக் கண்ணும் அவள்மேல். அதிலும் பூக்கடை ஜெயம்மாள், முட்டி வலிக்கு நீந்தச் சொல்லி டாக்டர் அனுப்பி வைத்தவள், உச்சி முதல் பாதம் வரை அளந்து பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் காதில் ஏதோ சொன்னாள்.

மோகனப்ரியாவின் கை நாற்காலியில் கிடந்த துண்டுக்குப் போனது. திரும்பிப் போய்விடலாமா?

குதித்துவிட்டாள்.

கைகால் எதையும் மறந்திருக்கவில்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆறு தடவை போய் வந்தாள். பாவாடை ஏறவில்லை, துணி ஒட்டவில்லை, எதையும் இழுத்து இழுத்து விட வேண்டியிருக்கவில்லை. ஏழாவது தடவை மல்லாந்து மிதந்தாள். சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியாது. முகமெல்லாம் தண்ணீர்.

எழுந்து பார்த்தபோது குளத்தில் ஒருவரும் இல்லை.

ஆபீஸ் ரூமில் ஜெயம்மாளின் குரல் ஓங்கிக் கேட்டது. துண்டைப் போர்த்திக்கொண்டு மோகனப்ரியா போனாள். துண்டும் போர்வையுமாக எட்டுப் பேரும் அங்கே நின்றிருந்தார்கள்.

"வாம்மா" என்றார் நாகேந்திரன். "நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல? எல்லாரும் சேந்து வந்து கம்ப்ளெய்ன்ட் பண்றாங்க. அடுத்த வாரத்துலருந்து நீ வர வேணாம்."

முன்பென்றால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பாள். நீந்திவிட்டு வந்த உடம்பு நிமிர்ந்தே நின்றது.

"நான் என்னா தப்பு பண்ணேன் சார்? அத அவங்க வாயாலயே சொல்லட்டும். கேட்டுட்டுப் போறேன்."

ஜெயம்மாள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா, இவள யாரு போகச் சொன்னது?"

"நீங்கதானேம்மா டிரஸ் டிரஸ்ஸுன்னு சத்தம் போட்டீங்க? இவங்க திருநங்கைன்னு..."

"அது எங்களுக்குத் தெரியாதா? கண்ணு இல்லியா எங்களுக்கு? மூணு மாசமா தொடை தெரியுது தொப்பை தெரியுதுன்னு, தண்ணிய விட்டு மேல வராம மூலையில நின்னுகினு கெடக்கறோம். கேட்டா, நீச்சல் டிரஸ்ஸுன்னா இதான், வேற கெடயாதுன்னு சாதிச்ச. அப்ப இந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படிப்பா கெடச்சுது? எட்டுப் பேருக்கும் அதே மாதிரி வர்ற வரைக்கும் நாங்க கம்ப்ளெய்ன்ட் பண்ணிகினுதான் இருப்போம்!"