நடுவில் நிற்பவர்

மாப்பிள்ளையைக் காணவில்லை.

மகன் ஃபோல்டரில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். மணப்பெண்ணையும் காணவில்லை. கல்யாண ஆல்பம் முழுக்க நரைத்த மீசைக்காரர் ஒருவர் நடுவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

மோதிரம் மாற்றும் படத்தில் அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். கேக் வெட்டும் படத்தில் அவர் மூக்கில் கிரீம். இரண்டு குடும்பமும் வரிசையாக நின்ற படத்தில் ஓரமாக ஓர் அரைக் காது மட்டும் தெரிந்தது. நடுவில் அவர், ஏதோ ஒரு கம்பியைப் பிடித்தபடி. அந்த அரைக் காது மணப்பெண்ணுடையது என்பதைக் கம்மலை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

எல்லாப் படத்திலும் அதே சிரிப்பு. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல, நேராகக் கேமராவைப் பார்த்து.

"அம்மா! ஸ்கிரிப்ட் சொதப்பிடுச்சு!"

"சொதப்பும்னு நான் அன்னிக்கே சொன்னேன்." உள்ளறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் குரல் மட்டும் வந்தது. "அத்தனை படத்தையும் கையாலேயே வெட்டிக் குடுத்த ஸ்டூடியோடா இது."

அப்பா தவறிப்போனபின் ஸ்டூடியோவில் கேமராவைத் தொடுவது அம்மா மட்டும்தான். கம்ப்யூட்டர் மகனுடையது. ஆல்பத்துக்குப் படங்களைச் சதுரமாக வெட்ட அவன் ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். அதை எடிட்டிங் மென்பொருளிடம் கொடுத்துவிட்டால் போதும். ஃபோல்டரில் உள்ள எல்லாப் படங்களையும் அதுவே திறந்து, கேமரா ஃபோகஸ் வைத்த இடத்தை நடுவில் நிறுத்தி வெட்டி, சேமித்து, மூடிவிடும்.

கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய அனுமதி. இந்த ஒரு ஆல்பத்தைக் கோட்டைவிட்டால் ஆயுசுக்கும் கையால்தான் வெட்ட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார்.

"கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போயிருந்தா, இந்த ஆளு யாருன்னாவது தெரிஞ்சிருக்கும்!"

"நீ எதுக்கு? லைட் பிடிக்கத்தான் ஆள் இருந்துச்சே. நீ உன் ஸ்கிரிப்ட்டைப் பாரு."

பார்த்தான். வரி வரியாகப் பார்த்தான். ஒரு புள்ளிகூட இடம் மாறவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

படியில் காலடிச் சத்தம். சம்பந்திகள் இருவரும் சேர்ந்தே வந்துவிட்டார்கள்.

"என்ன தம்பி, ரெடியா?" பெண்ணின் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பையனின் அப்பா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். திரையை மூட மகனுக்கு நேரமில்லை.

"அட, இவரா!" என்றார் பெண்ணின் அப்பா. "சம்பந்தி, உங்க அண்ணன் படத்துல ஜம்முனு விழுறாரே!"

"எனக்கு ஏதுங்க அண்ணன்? உங்க பக்கத்து ஆளுன்னுல்ல நெனச்சேன்!"

"எங்க பக்கமா? உங்க ஆளுன்னு நெனச்சுத்தான் மூணாவது ஐஸ்கிரீமை நானே எடுத்துக் குடுத்தேன்!"

"நான் கட்டிப்பிடிச்சு செல்ஃபியே எடுத்திருக்கேன். 'எங்கள் குடும்பம்'னு ஊருக்கெல்லாம் அனுப்பி வேற தொலைச்சேன்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு படத்தைப் பார்த்தார்கள்.

"ஓசிச் சாப்பாடு!"

அந்த நொடியில் 'அவர்', 'அவன்' ஆகிவிட்டார்.

"அவன் தைரியத்தைப் பாருங்க சம்பந்தி! தின்னமா போனமான்னு இல்லாம, எல்லாப் படத்துலயும் பல்லைக் காட்டிட்டு நிக்கிறான்."

"தம்பி, இதைப் பெருசா ஒரு பிரிண்ட் போடு. மண்டப வாசல்லயே ஒட்டறேன். இனிமே இவன் எந்தக் கல்யாணத்துலயும் கை நனைக்கக் கூடாது!"

மகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொதப்பிய ஸ்கிரிப்ட், திருடனைப் பிடித்த ஸ்கிரிப்ட்டாக மாறிக்கொண்டிருந்தது. "இதோ, இப்பவே போடறேன் சார்!" என்று பிரிண்டரை நோக்கிப் பாய்ந்தான்.

"அதெல்லாம் வேண்டாம்."

அம்மா உள்ளறை வாசலில் நின்றிருந்தார். கையில் லென்ஸ் துடைக்கும் துணி. அப்போதுதான் முதல் தடவையாகத் திரையைப் பார்த்தார்.

"அவர் ஓசிச் சாப்பாட்டுக்கு வரலை. லைட் பிடிக்க நான் கூட்டிட்டு வந்தவர். சாப்பிடச் சொன்னதும் நான்தான்."

"அட, அந்தக் கம்பி லைட் ஸ்டாண்டா!" பெண்ணின் அப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்கம்மா. தங்கமான மனுஷன். பார்த்ததுமே நெனச்சேன்."

"நானும்தான்," என்றார் பையனின் அப்பா. "இல்லேன்னா கட்டிப்பிடிச்சிருப்பேனா?"

மகன் மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். தப்பிக்கக் கிடைத்த வழி போய்விட்டது, சொதப்பல் அப்படியே இருந்தது.

"ஒரிஜினல் படம் எல்லாம் பத்திரமா இருக்கு சார். சாயங்காலத்துக்குள்ள கையாலயே வெட்டிக் குடுத்துடறேன்." அம்மாவின் பக்கம் திரும்பினான். "நீ சொன்னதுதாம்மா சரி. இனிமே ஸ்கிரிப்ட்டே வேண்டாம். கேமரா எங்க பார்த்துச்சோ, அங்கதானே அது வெட்டணும்? மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரையும் விட்டுட்டு, லைட் பிடிக்கிறவரையே துரத்தித் துரத்தி வெட்டியிருக்கு. தப்பு எங்கன்னுதான் தெரியலை."

அம்மா கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

"ஸ்கிரிப்ட்டுல தப்பே இல்லடா."