பக்கத்து சீட்

அந்தக் காரில் பக்கத்து சீட் இல்லை.

கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். சீட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தகரம். நான்கு போல்ட் துளைகள்.

"அண்ணன் உங்ககிட்ட சொல்லலீங்களா அண்ணி?" என்றான் தினகர். கணவனின் தம்பி.

சம்பத் சொல்லியிருந்தான். அவள்தான் மறந்திருந்தாள்.

சீட்டைக் கழற்றிய அன்று பட்டறைக்கு டீ கொண்டுபோயிருந்தாள். கையில் ஸ்பானரோடு சம்பத் நிமிர்ந்து பார்த்தான்.

"சீட்டு பதினாறு கிலோ. நீ அம்பத்தெட்டு. ரெண்டுமே மிச்சம் பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அது தை மாதம்.

மாசியில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவன் சுவரைப் பிடித்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயது.

காரியமெல்லாம் முடிந்த வாரத்தில் சென்னையிலிருந்து பதில் வந்தது. கார் பத்திரிகை ஒன்று. இரண்டு வருடமாக சம்பத் அவர்களுக்கு எழுதிக்கொண்டே இருந்தான். அவன் காரையும் புதிதாக வந்திருக்கும் ஜெர்மன் மின்சாரக் காரையும் ஒரே நாளில், ஒரே ஓட்டப்பாதையில் ஓட்டிப் பார்க்கச் சம்மதம் என்று எழுதியிருந்தார்கள்.

பட்டறையையும் வீட்டையும் சேர்த்து விற்றாலும் வாங்க முடியாத கார் அது.

சம்பத்தின் கார் நான்கு வருடம் டாக்ஸியாக ஓடியது. சின்ன மின்சார செடான். மோட்டாரை மாற்றினான். பேட்டரியைப் பிரித்து மறுபடி அடுக்கினான். ஸ்பிரிங்கைத் தாழ்த்தினான். எடையைக் குறைக்க ஏசி போனது. பின் சீட் போனது. கடைசியாகப் பக்கத்து சீட்.

ஒரு தடவையாவது அதில் உட்கார்ந்து பார்க்கத்தான் இன்று வந்திருந்தாள்.

கதவைச் சாத்தினாள். மெதுவாக.

கோவைக்கு வெளியே இருந்தது ஓட்டப்பாதை. காலை ஏழு மணி. தார் இன்னும் சூடேறவில்லை. இரண்டு கார்களும் பக்கம் பக்கமாக நின்றன. ஜெர்மன் கார் கறுப்பு, நீளம். அதன் கதவில் அவள் முகம் தெரிந்தது. சம்பத்தின் கார் வெள்ளை. டாக்ஸி ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் கொஞ்சம் கூடுதல் வெள்ளை.

முதலில் தனித்தனியாக ஓட்டினார்கள். பத்திரிகையிலிருந்து வந்த ரிச்சர்டு இரண்டையுமே ஓட்டினான்.

நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஜெர்மன் காருக்கு இரண்டே முக்கால் விநாடி. சம்பத்தின் காருக்கு நாலரை.

முழுச் சுற்றில் வித்தியாசம் ஒன்றரை விநாடிதான்.

ரிச்சர்டு வெள்ளைக் காரிலிருந்து இறங்கி, குனிந்து அதன் சக்கரங்களைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"வளைவுல இது திரும்புற மாதிரி அந்த ஜெர்மன் காரு திரும்பலக்கா" என்றான்.

யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும்போல அவளுக்கு இருந்தது. சொல்ல வேண்டிய ஆள் இல்லை.

கடைசியாக கேமராவுக்காக இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. வெள்ளைக் காரை தினகர் ஓட்டுவான். அது முன்னால் கிளம்பும்; கறுப்புக் காரில் ரிச்சர்டு பின்னால்.

"நான் உங்க கார்ல உக்காரலாங்களா?" என்று ரிச்சர்டிடம் கேட்டாள்.

அவன் கொஞ்சம் யோசித்தான். ஒரு ஹெல்மெட்டை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"வாங்கக்கா. உங்க வெயிட்டெல்லாம் இதுக்கு ஒரு கணக்கே இல்ல."

நல்ல மனதோடுதான் சொன்னான். அவள் ஏறி உட்கார்ந்து வெளியே பார்த்தாள்.

சத்தமே இல்லாமல் கிளம்பியது கார்.

வளைவுகளில் வெள்ளைக் கார் தூரம் போனது. தரையைப் பிடித்துக்கொண்டு, சாயாமல், விலகாமல். பின்னாலிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, அது எவ்வளவு சின்னது என்று.

இதற்காகத்தான் அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் பட்டறையிலேயே கிடந்தான்.

கடைசி வளைவு முடிந்து நீளமான நேர்ப்பாதை. அவள் முதுகு சீட்டோடு ஒட்டியது. வெள்ளைக் கார் நெருங்கியது. இன்னும் நெருங்கியது.

பிறகு நெருங்கவில்லை.

அழுத்தம் குறைந்து அவள் முதுகு சீட்டிலிருந்து விலகியது. ரிச்சர்டின் காலைப் பார்த்தாள்.

"விட்டுக்குடுக்கறீங்களா?"

அவன் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாங்க. அவருக்கு அது புடிக்காது."

அவன் மிதித்தான்.

வெள்ளைக் காரின் வலப்பக்கமாக ஏறினார்கள். அதன் பின் சக்கரம் வந்தது. பின் கதவு வந்தது. ஓட்டுபவனின் ஜன்னல் அவள் ஜன்னலுக்கு நேராக வந்தது.

தினகர் தன் அண்ணனின் மஞ்சள் ஹெல்மெட்டைப் போட்டிருந்தான். முகம் தெரியவில்லை. அதே தோள். இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த அதே கழுத்து. ஸ்டியரிங்கில் முழங்கையை உள்ளே ஒடுக்கிப் பிடிக்கும் அதே பிடி.

கை நீட்டினால் தொடலாம்.

ஒரு விநாடி இருக்கும்.

அப்புறம் வெள்ளை பானெட். அப்புறம் ஜன்னலில் வெறும் புல்.

முடிவுக் கோட்டைத் தாண்டி நின்றதும் ரிச்சர்டு ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"நல்ல காருக்கா. நிஜமாவே."

"ஆமாங்க."

கண்ணாடியில் வெள்ளைக் கார் பின்னால் வந்து நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை.

"இன்னொரு சுத்து போலாங்களா?"

"போலாம். ஆனா மறுபடியும் இதே ரிசல்ட்தான் வரும்க்கா."

"வரட்டுங்க."

சீட் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"இந்தத் தடவ மட்டும் கொஞ்சம் மெதுவாத் தாண்டுங்க" என்றாள்.