சைக்கிள் எண்ணிக்கை

“அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ!”

தனுஷா கதிரையை விட்டு எழும்பி வந்து மறித்தாள். சிவலட்சுமி சடாரென்று பிரேக் பிடித்தாள்.

புதுக்குடியிருப்புக்குப் போகும் ரோட்டில், காலை ஆறரையிலிருந்து, பள்ளிக்கூடப் பக்கம் போகிற சைக்கிள்களைத் தனுஷா எண்ணிக்கொண்டிருந்தாள். நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் பிரதேச சபை தனிப்பாதை போடப் போகிறது. எந்த ரோட்டில் சைக்கிள் கூடவோ, அந்த ரோட்டுக்குத்தான் முதலிடம். இந்தக் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

“இதோட அஞ்சு தரம் போயிட்டியள். எண்ணிக்கையைக் கூட்டத்தானே?”

“ஐயோ, இல்லைத் தங்கச்சி...”

“பாவம், அந்தப் பிள்ளையையும் ஏத்திக்கொண்டு சுத்துறியள். அதுக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?”

கரியரில் இருந்த சிறுமி, புழுதிக்குப் பயந்து சிவலட்சுமியின் முதுகில் முகத்தைப் புதைத்திருந்தாள். ரெட்டைப் பின்னலும் வெள்ளைச் சட்டையும் மட்டும்தான் தெரிந்தன.

சிவலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அக்காவுக்கு முகத்தைக் காட்டு பிள்ளை.”

சிறுமி நிமிர்ந்தாள். முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு.

“முதல் போனது என்ர மகள். பிறகு போனது மூண்டும் அயல் வீட்டுப் பிள்ளையள். கடைசி ஆள் இவா. ஆளுக்கொரு சைக்கிள் வீட்டில சும்மா நிக்குது. மணல் டிப்பருக்குப் பயத்தில தாய்மார் விடுகினமில்லை.”

“உங்களுக்குப் பயமில்லையோ?”

“ஏன் இல்லை? பெரியாள் எண்டா டிப்பர்காரன் கொஞ்சம் விலத்துவான். சின்னனுகளை அவனுக்குத் தெரியாது.”

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு டிப்பர் இரைந்துகொண்டு வந்தது. மூன்று பேரும் ரோட்டுக்கரைப் புல்லுக்குள் இறங்கி நின்றார்கள்.

புழுதி அடங்கியதும் தனுஷா மெதுவாகச் சொன்னாள்.

“குறை நினைக்காதேங்கோ அக்கா. நான் தெரியாமல் கதைச்சிட்டன். ஆனா உங்களை ஒருக்காத்தான் எழுதலாம்.”

“எழுதுங்கோ, எழுதுங்கோ. மணி அடிக்கப் போகுது!”

சிவலட்சுமி பெடலை மிதித்தாள். தனுஷா தாளில் போட்டிருந்த ஐந்து கோட்டில் நான்கை அழித்தாள்.

எட்டு மணிக்கு எண்ணி முடித்தபோது, ரோட்டில் வந்த சைக்கிள் மொத்தம் முப்பத்தெட்டு.

தனுஷா வீட்டுக்குப் போகவில்லை. இன்னொரு தாளை எடுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள், வராத சைக்கிள்களை எண்ண.