ஞாயிற்றுக்கிழமை மிஷின்

"கேட்டீங்களா பாஸ்டர்? ஞாயித்துக்கிழமை அதுவுமா தையல் மிஷின் ஓடுது!"

ஆராதனை முடிந்து ஜனங்கள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் சபை மூப்பர் கிளம்பிவிட்டார். மூக்குக்கு மேல் கோபம். எதிர்ச் சந்தில்தான் தையல்காரம்மா வீடு. கடகடவென்று சத்தம் தெருவரைக்கும் கேட்டது.

பாஸ்டர் பின்னாலேயே ஓடினார். "நாளைக்குக் காலைல உங்க மக கல்யாணம். இன்னிக்கு எதுக்கு மூப்பரே வம்பு?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மக கவுனையே மூணு மாசம் முன்னாடி இவகிட்ட தைச்சு வாங்கி பீரோவுல வெச்சாச்சு. கடைசி நேர ஓட்டமெல்லாம் நம்மகிட்ட கிடையாது. ஓய்வுநாள்னா ஓய்வுநாள்தான். என் வீட்டுல இன்னிக்கு அடுப்புகூடப் பத்தவைக்கல, தெரியுமா?"

தெரியாமல் என்ன? ஞாயிறானால் அந்த வீட்டில் முந்தின நாள் சோறுதான். மூப்பருக்குப் பயந்து அங்கே வயிறுகள்கூட முணுமுணுப்பதில்லை.

"கட்டளை கொடுத்தவர்தானே அன்பா இருக்கவும் சொன்னார்?" என்றார் பாஸ்டர்.

"அன்பு அன்புன்னுதான் சபை இந்த லட்சணத்துல இருக்கு! போன வருஷம் இவ மக கல்யாணத்துக்கு முன்னாடியே வயித்துல வாங்கிட்டு வந்து நின்னா. நீங்க மன்னிச்சுடலாம்னீங்க. வெள்ளைக் கவுன் கூடாது, பீடத்துக்கு முன்னாடி நிக்கக் கூடாதுன்னு நான்தான் ஒத்தக்கால்ல நின்னேன்."

"நின்னீங்க. அந்தப் பொண்ணு பழைய துணியோட பக்கத்து ரூம்ல மோதிரம் மாத்திக்கிச்சு. அப்புறம் இந்தப் பக்கமே வரலை."

"இன்னியோட ஆத்தாளுக்கும் சபையில திருவிருந்து அப்பம் கிடையாது. அவ்வளவுதான்!"

கதவைத் தட்டிய தட்டில் மிஷின் நின்றது. தையல்காரம்மா கதவை ஒரு சாண் திறந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யார் வீட்டுத் துணி? எவளுக்கு அவ்வளவு அவசரம்? சொல்லு!"

"தப்புதான்யா. என்ன தண்டனையானாலும் ஏத்துக்கறேன். இப்ப போங்க, வேலை கிடக்கு."

"கொழுப்பைப் பார்த்தீங்களா பாஸ்டர்!"

மூப்பர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். பாஸ்டரும் காலெடுத்து வைக்கப் போக, தையல்காரம்மா கையை நீட்டி மறித்தாள்.

"நீங்க வேண்டாம் பாஸ்டர். வெளியிலயே இருங்க."

கதவைச் சாத்தினாள்.

மிஷினில் ஒரு வெள்ளைக் கவுன் கிடந்தது. கழுத்தோரத்து முத்துகள் மூப்பரே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியவை. இடுப்பில் இரண்டு பக்கமும் தையலைப் பிரித்து, புதுத் துண்டு வைத்து அகலமாக்கியிருந்தது.

அவர் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க பொண்ணு நேத்து போட்டுப் பார்த்திருக்கு. கொக்கி மாட்ட முடியலை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "பின்வாசல் வழியா அழுதுக்கிட்டே வந்துச்சு. மாப்பிள்ளைக்குத் தெரியும்யா, நல்ல புள்ள. அப்பாவுக்குத் தெரிஞ்சா உசிரை விட்டுருவேன்னுச்சு. உங்ககிட்ட நான் எப்படிச் சொல்ல?"

"உன் மகளுக்கு நான் செஞ்சதுக்கு... நீ போய்..."

"அன்னிக்கு அவ பட்ட அவமானம் பெத்தவ எனக்குத்தான்யா தெரியும். இன்னொரு பொண்ணுக்கு அது வேண்டாம்." அவள் மிஷினில் உட்கார்ந்தாள். "நிக்காதீங்க. அந்த ஓரத்தைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. இருட்டறதுக்குள்ள முடிக்கணும்."

மூப்பர் முட்டி போட்டுத் துணியைப் பிடித்தார். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.

வெளியே பாஸ்டர் கதவைத் தட்டினார். "என்ன மூப்பரே, மறுபடியும் சத்தம் கேக்குது? நிறுத்தச் சொல்லலையா?"

"நீங்க வீட்டுக்குப் போங்க பாஸ்டர்," என்றார் மூப்பர் உள்ளேயிருந்து. "எங்களுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு."